பழைய மினி கூப்பர் வாங்கலாமா? வட்ட விளக்குக்குப் பின்னால் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில், ஊபியில் ஒரு கடையில் 2011-இல் பதிவான மினி கூப்பர் பார்த்திருக்கிறீர்கள், சிஓஇ (வண்டி வைத்திருக்க அரசிடம் வாங்கும் உரிமைச் சான்றிதழ்) பத்தாண்டுக்குப் புதுப்பித்தது, இன்னும் 6 ஆண்டு ஓடும், 66,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார்கள். காக்கி புக்கிட்டில் 2017 மினி ஒன், முதல் சிஓஇயிலேயே 2 ஆண்டு மிச்சம், 36,000 வெள்ளி. மச்சான் ஃபியட் 500 எடு, இல்லாவிட்டால் பீட்டில் எடு என்கிறார், அப்பா பேசாமல் ஒரு டொயோட்டா எடு என்கிறார். எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் எழுதியிருப்பதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்: "சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட வண்டி, வாங்கிவிட்டு அழ வேண்டி வருமா?"

சின் மிங் பக்கம் பணிமனைகளில் ஐரோப்பிய வண்டிகளோடு பல ஆண்டு வேலை செய்தவன் நான். இப்போது வாங்கப் போகிறவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வதுதான் பெரும்பாலும் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அழகுக்காக வண்டி வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை. தினமும் காலையில் புளோக்குக்குக் கீழே இறங்கி வந்து வண்டியைப் பார்க்கும்போது மனசு நிறைந்தால் அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பணம் கொடுப்பது அந்த முகத்துக்கு அல்ல. சிங்கப்பூரில் நீங்கள் வாங்குவது மீதமிருக்கும் காலத்தை, அதோடு ஒரு கியர்பாக்ஸை, அப்புறம் முந்தைய உரிமையாளர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதை. இந்த வரிசையில் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே எடுத்துவிடலாம். தோற்றம் பழசு என்பதால் உள்ளேயும் பழைய காலத்து எளிமை இருக்கும், எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வந்த மினி அப்படிப்பட்ட வண்டி. 2001 முதல் பிஎம்டபிள்யூ ஆக்ஸ்ஃபர்டில் தயாரிக்கும் மினி அப்படியல்ல. உருவம் மட்டும் பழசை நினைவூட்டும், உள்ளே முழுக்க முழுக்க எலக்ட்ரானிக்ஸ். ஃபியட் 500 கதையும் அதேதான், 1957 வண்டியின் ஐம்பதாவது ஆண்டில், 2007 ஜூலை 4 அன்று, நவீனச் சிறிய கார் ஒன்றுக்குப் பழைய முகத்தைக் கொடுத்து வெளியிட்டார்கள். நவீன பீட்டில் உண்மையில் வோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் குடும்பத்து வண்டி. ஆகவே இவற்றை அந்தந்தக் காலத்து ஐரோப்பிய கார்களாக நினைத்துத்தான் செலவைக் கணக்கிட வேண்டும்.

சரி, காலக் கணக்கு. 2017 வண்டிக்கு இன்னும் பார்ஃப் உண்டு, அதாவது பதிவை நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் பதிவுக் கட்டணப் பங்கு. அதன் ஓஎம்வி (வரிகள் சேர்வதற்கு முந்தைய இறக்குமதி மதிப்பு) 22,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், சரியான எண் பதிவு விவரத்தில் இருக்கும். முதல் 20,000-க்கு 100 விழுக்காடு, அதற்கு மேல் உள்ள 2,000-க்கு 140 விழுக்காடு, ஆக ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம் 22,800. பத்து வயது முடிவதற்குள் பதிவை நீக்கினால், கடைசி ஆண்டாக இருந்தாலும், அதில் பாதி, 11,400 வெள்ளி திரும்ப வரும். 36,000-இலிருந்து அதைக் கழித்து இரண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 12,300. கூப்பருக்கு பார்ஃப் கிடையாது, சிஓஇயைப் புதுப்பித்த அன்றே அது போய்விட்டது. 66,000-ஐ ஆறால் வகுத்தால் ஆண்டுக்கு 11,000. கடைக்காரர் "டெப்ரி கம்மி", அதாவது ஆண்டுக்கு ஆகும் மதிப்பிழப்பு குறைவு, என்று சொல்லியிருப்பார், கணக்குப்படி அது உண்மைதான்.

ஆனால் அந்த எண் சொல்லாத ஒன்று இருக்கிறது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். நாளைக்கே ஏதோ காரணத்தால் அந்தக் கூப்பரின் பதிவை நீக்க வேண்டி வந்தால் கையில் என்ன கிடைக்கும்? 2021-இல் புதுப்பித்தபோது கட்டிய பிகியூபி என்ற சிஓஇ புதுப்பிப்புத் தொகையில், மீதமிருக்கும் மாதங்களுக்கு உரிய பங்கு மட்டும். அது 42,000 என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஆறு பங்கு, 25,200 வெள்ளி. இன்றைய சந்தையில் சிஓஇ எவ்வளவு என்பது அந்தத் தொகையை ஒரு காசுகூடக் கூட்டாது. அப்படியானால் மிச்ச 40,800 வெள்ளி எதற்கு? கொஞ்சம் வண்டிக்கு, பெரும்பகுதி இன்று சிஓஇ விலை ஏறி இருப்பதால் பழைய மலிவான சிஓஇக்குச் சந்தை கொடுக்கும் மதிப்புக்கு. சிஓஇ இறங்கினால் அந்த மதிப்பும் கூடவே இறங்கும். இறங்குமா ஏறுமா என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். ஆறு ஆண்டும் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் இடையில் ஏறுவதும் இறங்குவதும் உங்களைப் பாதிக்காது. இரண்டு ஆண்டில் விற்றுவிடலாம் என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்தாலும், அந்த 40,800-இல் ஒரு பகுதியை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். கடையில் உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: புதுப்பித்தபோது கட்டிய பிகியூபி எவ்வளவு? கூடவே, அது உண்மையிலேயே பத்தாண்டுப் புதுப்பிப்புதானா என்பதையும் பாருங்கள். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடி புதுப்பிக்க முடியாது, காலம் முடிந்ததும் வண்டி போயே ஆக வேண்டும். பத்தாண்டுக்குப் புதுப்பித்ததை விரும்பினால் மீண்டும் நீட்டிக்கலாம்.

வயதுக்கான செலவும் சேரும். பத்து வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரியில் ஆண்டுக்கு 10 விழுக்காடாகக் கூடுதல் கட்டணம் ஏறி, பதினான்கு வயதைத் தாண்டியதும் 50 விழுக்காட்டில் நிற்கும். 1598 சிசி கூப்பருக்கு அடிப்படை வரி ஆண்டுக்கு 742 வெள்ளி, அது ஏறக்குறைய 1,113 ஆகிவிடும். பரிசோதனையும் ஆண்டுதோறும். பத்து வயதுக்கு உட்பட்ட வண்டிக்கு, மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். காப்புறுதி நிறுவனங்களில் சில வயதான வண்டிக்கு முழுக் காப்புறுதி தரத் தயங்கும், ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே விலை கேட்டு வையுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேல் போன வண்டிக்கு விலையில் 60 விழுக்காடு வரைதான், அதற்குள் இருந்தால் 70, அதிகபட்சம் ஏழு ஆண்டு. இவையெல்லாம் விதிகள், இவற்றில் என் கருத்து எதுவும் இல்லை.

இனி வண்டிக்குள். 2011 கூப்பர் என்றால் அது ஆர்56 தலைமுறை. அந்த 1.6 லிட்டர் எஞ்சினை பிஎம்டபிள்யூவும் பெஜோ-சித்ரோயன் குழுமமும் சேர்ந்து உருவாக்கின, இதே குடும்பத்து எஞ்சின்தான் பெஜோ 207, 308 வண்டிகளிலும் வந்தது. இது உங்களுக்கு நல்ல செய்தி, பெஜோ பார்க்கும் நல்ல மெக்கானிக்குக்கு இந்த எஞ்சின் புதிதல்ல. இணையத்தில் நீங்கள் படித்துப் பயந்த கதைகளில் பெரும்பாலானவை 2007 முதல் 2010 வரை வந்த கூப்பர் எஸ், டர்போ உள்ள என்14 எஞ்சின் பற்றியவை: டைமிங் செயின் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி) சத்தம், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், வால்வில் கரி படிவது. நீங்கள் பார்த்தது எஸ் இல்லாத கூப்பர், டர்போ கிடையாது, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் அமைப்பும் கிடையாது. ஆகவே அந்தப் பம்ப் கதையும் கரி கதையும் உங்களுக்குப் பொருந்தாது. செயின் விஷயம் மட்டும் ஓரளவு பொருந்தும். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. இந்த எஞ்சின்கள் ஆயில் குடிக்கும் பழக்கம் உள்ளவை. அளவு குறைந்தது தெரியாமல் ஓட்டினால் டென்ஷனர் தளர்ந்து, செயின் ஆடி, பிளாஸ்டிக் வழிகாட்டிகளை அரித்துவிடும். கோளாறு தொடங்குவது பெரும்பாலும் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை, இழுத்துப் பார்க்காத உரிமையாளரிடம்தான். நம் ஊர் வெயிலுக்கும் நின்று நின்று போகும் ஓட்டத்துக்கும் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்வேன், கம்பெனிப் புத்தகம் அதைவிட எவ்வளவோ நீண்ட இடைவெளியைச் சொன்னாலும் சரி.

அடுத்து குளிர்விக்கும் அமைப்பு. தெர்மோஸ்டாட் இருக்கும் கூடு பிளாஸ்டிக், எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து விரிசல் விடும், கூலன்ட் மெல்லக் கசியும். வாட்டர் பம்ப், ஆயில் ஃபில்டர் அமரும் இடத்தின் கேஸ்கெட், வால்வு மூடியின் கேஸ்கெட், எல்லாம் இந்த வயதில் ஒருமுறையாவது மாற்றியிருக்க வேண்டியவை. மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். "ஒன்றுமே செய்ததில்லை, அவ்வளவு நல்ல வண்டி" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்தச் செலவெல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தடிமனான பில் கட்டோடு வரும் வண்டிக்குச் சில ஆயிரம் கூடக் கொடுக்கலாம். கியர்பாக்ஸ் ஐசின் 6 வேக ஆட்டோ, அது தாங்கும், எண்ணெயை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சொல்லும் எண்ணெயையும் நான் மாற்றத்தான் சொல்வேன்.

2017 மினி ஒன் அடுத்த தலைமுறை, எஃப்56, மூன்று சிலிண்டர் டர்போ. பொதுவாக ஆர்56-ஐவிடத் தொல்லை குறைவு என்பது என் அனுபவம், ஆனால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்கள் தேய்ந்து, நிற்கும்போது அதிர்வு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நுணுக்கம் உண்டு. அதே தலைமுறையின் கூப்பர் 100 கிலோவாட், சிஓஇயில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவின் எல்லை 97, அதனால் கூப்பர் பெரிய கார்களுக்கான பி பிரிவுக்குப் போய்விடும். மினி ஒன் 75 கிலோவாட்தான், ஏ பிரிவு. இரண்டு ஆண்டு கழித்துப் புதுப்பிக்க நினைத்தால் எந்தப் பிரிவின் பிகியூபி கட்டுவீர்கள் என்பதை இது தீர்மானிக்கும்.

மச்சான் சொன்ன இரண்டையும் சுருக்கமாகப் பார்க்கிறேன். ஃபியட் 500-இன் 1.2 எஞ்சின் எளிமையானது, டைமிங் பெல்ட்டை மட்டும் காலத்தில் மாற்றினால் போதும். சிக்கல் டுயலாஜிக் கியர்பாக்ஸ். அது உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் ஹைட்ராலிக் பம்ப் ஒன்று நமக்காக இயக்குகிறது. பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் மேடு ஏறும்போதும், பிஐஇ விரைவுச்சாலையில் ஊர்ந்து போகும்போதும் கிளட்ச் தேயும், வண்டி தலையாட்டும். பம்போ கட்டுப்பாட்டுப் பகுதியோ போனால் செலவு கனமாக இருக்கும், அதில் கைதேர்ந்தவர்களும் இங்கே மிகக் குறைவு. மேனுவல் ஓட்டிப் பழகியவர் அதன் போக்குக்கு ஒத்துப்போவார், முதல் கார் வாங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன். பீட்டில் 1.2 டிஎஸ்ஐயில் இருப்பது 7 வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் உள்ள தானியங்கி கியர்பாக்ஸ். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது நடுக்கம் தெரிந்தால், அல்லது அதை இயக்கும் மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்றிய விவரம் தெளிவாக இல்லாவிட்டால், அழகாக இருக்கிறது என்பதற்காக மனசைக் கொடுத்துவிடாதீர்கள். உற்பத்தியும் 2019-இல் மெக்ஸிகோவில் நின்றுவிட்டது. எஞ்சின், கியர்பாக்ஸ் சாமான்கள் மற்ற வோக்ஸ்வேகன்களுக்கும் பொது என்பதால் அவை கிடைக்கும், பீட்டிலுக்கே உரிய கண்ணாடி, ரப்பர், உடல் பாகங்கள்தான் வரவர அலைச்சல்.

பார்க்கப் போகும் நாளில் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: நான் வரும்வரை எஞ்சினை இயக்காதீர்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கும் முதல் சில விநாடிகளில்தான் செயின் தன் நிலையைச் சொல்லும், கடகடவென்று ஒரு சத்தம், சூடானதும் மறைந்துவிடும். டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள், நெடுஞ்சாலையில் மட்டும் வேண்டாம், பக்கத்து வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பலமாடி நிறுத்துமிடத்தில் மேல்மாடி வரை மெதுவாக ஏறி, நடுவில் நின்று, மறுபடி கிளப்பி, பின்பக்கமாகவும் ஏற்றிப் பாருங்கள். கியர்பாக்ஸில் குறை இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தைப் பலர் மறக்கிறார்கள். மினியின் கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டகம் கிடையாது, கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் இறங்கி, மூடியதும் ஏறி ரப்பரில் அமரும். வெயிலில் ரப்பர் இறுகிப்போனால், டிசம்பர் மழையில் உள்ளே ஒழுகும். மேற்கூரை திறக்கும் வகையாக இருந்தால் அதன் வடிகால் குழாய்களில் இலைக் குப்பை அடைத்திருக்கும். தரை விரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள், பின்பெட்டியின் அடியிலும் பாருங்கள், வாசனையும் பிடியுங்கள். ஈரம் எலக்ட்ரானிக்ஸுக்குள் போன வண்டியைச் சரிசெய்வது மிகவும் கடினம், கோளாறு எங்கே என்று தேடுவதிலேயே பணம் கரைந்துவிடும். கூரைத் துணி தொங்குவது வேறு விஷயம், பார்க்க அசிங்கம், செலவு பெரிதல்ல. டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களையும் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

வண்டி பிடித்துவிட்டால் விற்பவர் சொல்லும் இடத்தில் பரிசோதிக்காதீர்கள். விகாம், எஸ்டிஏ என்ற இரண்டு வாகனப் பரிசோதனை நிறுவனங்களிலும் பழைய கார் மதிப்பீடு செய்கிறார்கள், அதோடு மினி பார்க்கும் பணிமனை ஒன்றில் லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்தும் பாருங்கள். முன்பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் "மதிப்பீட்டில் பெரிய குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலிருந்து எடுத்த பதிவு விவரத்தைக் கேளுங்கள், ஓஎம்வி, எத்தனை கை மாறியது, சிஓஇ முடியும் நாள், கட்டிய பிகியூபி எல்லாம் அதில் இருக்கும். கடையில் வாங்கினால் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) பழைய கார்களுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகத்தான் முதலில் கருதப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். வயதுக்கு ஏற்ற தேய்மானத்துக்கு அது பொருந்தாது. தனிநபரிடம் நேராக வாங்கினால் இந்தப் பாதுகாப்பே இல்லை. தகராறு வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை.

இனி என் தீர்ப்பு, இது வண்டியைப் பார்க்காமல் எழுத்தில் சொல்வது என்பதை மனதில் வையுங்கள். உங்கள் அப்பா சொல்வது செலவுக் கணக்கில் சரி, டொயோட்டாவுக்கு ஆகும் பராமரிப்பு மினியைவிடக் குறைவுதான், அதை மறைத்துப் பேச முடியாது. ஆனாலும் மினிதான் வேண்டும் என்றால், முதல் காரோடு வாழ்ந்து பார்க்க நான் 2017 மினி ஒன்னைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆண்டுக் கணக்கில் 1,300 வெள்ளி கூடத் தெரிகிறது, ஆனால் சாலை வரியிலும் பழுதிலும் அதில் நல்ல பங்கு திரும்பிவிடும். அதைவிட முக்கியம், சிஓஇ எந்தப் பக்கம் போனாலும் இரண்டு ஆண்டில் 11,400 கையில் வரும், அன்றைக்கு இருக்கும் நிலையைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யலாம். 2011 கூப்பரை எடுப்பதாக இருந்தால் இரண்டு நிபந்தனை: ஆறு ஆண்டும் வைத்து ஓட்டும் உறுதி, அப்புறம் கூலன்ட், செயின், கேஸ்கெட் வேலைகள் நடந்ததற்கான பில்கள். எதை எடுத்தாலும் பழுதுக்கென்று ஆண்டுக்கு 2,500 முதல் 3,000 வெள்ளி தனியாக ஒதுக்குங்கள், இது விதியல்ல, நான் பார்த்த வண்டிகளிலிருந்து எடுத்த மதிப்பீடு. அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் உங்களால் முடியுமா என்று பார்க்க வேண்டும், வண்டி விலையிலேயே சேமிப்பு முழுவதும் தீர்ந்துவிடுகிறது என்றால் இப்போது வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்.

கூப்பரின் பில்களைக் கடைக்காரர் காட்டினால் பெயரையும் வண்டி எண்ணையும் மறைத்துவிட்டுப் படமெடுத்து இங்கேயே போடுங்கள். எந்த வேலை நடந்திருக்கிறது, எது பாக்கி என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன், அதை வைத்து நீங்கள் விலையும் பேசலாம்.